வீடு கட்டுறவங்க மேல பழி போடாதீங்க ஐயா

அன்புள்ள ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வீட்டுமனை இணைப்புல சுயசான்று திட்டம் பத்தி, அதாவது வீடு கட்டுறவங்க தாங்களே உறுதி கொடுத்து அனுமதி வாங்குறத பத்தி, வந்த கட்டுரைய படிச்சேன். 2024 ஜூலைல வந்த திட்டம், 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைதளமும் மேல ஒரு மாடியும்னா ஆன்லைன்லயே உடனே அனுமதின்னு எல்லாம் சரியாதான் எழுதியிருந்தீங்க. ஆனா நடுவுல ஒரு வரி. இவ்வளவு எளிமையாக்கியும் சொந்தமா வீடு கட்டுறவங்களுக்கு விதிகளை மதிக்கும் மனசில்லைன்னு. அந்த வரிய படிச்சதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல ஐயா. நான் அந்த திட்டத்துலதான் அனுமதி வாங்கி, காண்ட்ராக்ட் விடாம, கம்பி சிமெண்டு எல்லாம் நானே வாங்கிக் கொடுத்து வீடு கட்டுனவ. வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு, அதனால ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நான்தான் நின்னேன்.

உடனடி அனுமதின்னு போடுறீங்களே, அந்த உடனடி எங்க ஆரம்பிக்குதுன்னு எழுதுனீங்களா? எல்லா பேப்பரும் கையில வந்தப்புறம்தான் அது உடனடி. பட்டா நம்ம பேருக்கு மாறணும், அதுக்கு உட்பிரிவு செய்யணும், அதுக்கு சர்வேயர் வரணும், அவரு வர்றதுக்கு நாம காத்துக் கிடக்கணும். வில்லங்கச் சான்று போடணும், தாய்பத்திரத்த தேடணும், வரைபடத்துக்கு இஞ்சினியர பிடிக்கணும், மனைக்கு அப்ரூவல் இருக்கணும். இதெல்லாம் முடிஞ்சு அப்லோட் பண்ணா அனுமதி வந்தது உண்மைதான், அத நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி நான் பட்டது எந்த பேப்பர்லயும் வரல. ஒவ்வொரு ஆபீஸ்லயும் முதல் கேள்வி, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" ரெண்டாவது கேள்வி, "வெளிய ஒருத்தர் இருப்பாரு, அவர பாத்தீங்களா?" வெளிய இருக்குறவரு யாருன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

மனை அப்ரூவல்னு சொன்னேனே, அதுக்கு வர்றேன். நாங்க மனை வாங்குனது 2011ல. அப்ப "பஞ்சாயத்து அப்ரூவ்டு"னு பெருசு பெருசா போட்டு விளம்பரம் வரும், பஸ் ஸ்டாண்டுல இருந்து அஞ்சு நிமிஷம், குடும்பத்தோட வாங்க, சாப்பாடு இலவசம்னு. அந்த விளம்பரம் எதுல வந்துச்சுன்னு நினைக்கிறீங்க ஐயா? உங்க பத்திரிகையிலயும்தான் வந்துச்சு, முழுப் பக்கம், கலர்ல. பஞ்சாயத்து தலைவரு கையெழுத்து போட்டா அது லேஅவுட் அப்ரூவல், அதாவது மனைப்பிரிவுக்கான அங்கீகாரம் ஆகாது, டிடிசிபியோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) சிஎம்டிஏவோ (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கொடுக்கணும்னு அன்னைக்கு யாரு எங்களுக்கு சொன்னா? பத்திரப்பதிவு ஆபீஸ்ல முத்திரைத்தாள் கட்டணத்த முழுசா வாங்கிக்கிட்டு பதிஞ்சு கொடுத்தாங்க. அங்க உக்காந்திருந்தவங்க யாராவது ஒரு வார்த்தை "அம்மா இது அங்கீகாரம் இல்லாத மனை"ன்னு சொன்னாங்களா? அப்புறம் 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட்டு இந்த மாதிரி அங்கீகாரம் இல்லாத மனைங்க பதிவுக்கு தடை போட்டுச்சு, தடை போட்டது சரிதான், விவசாய நிலத்தையும் ஏரி ஓரத்தையும் கூறு போட்டு வித்தாங்கல்ல. ஆனா வித்தவன் வித்துட்டு போயிட்டான். 2017ல வரன்முறை திட்டம் வந்தப்ப, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிஞ்ச மனைக்கு காசு கட்டி சரி பண்ணிக்கலாம்னாங்க. கட்டுனது யாரு? வாங்குன நாங்கதான். விதிய மீறுனவன் ஒருத்தன், கட்டணம் கட்டுனவன் வேற ஒருத்தன், இப்ப உங்க கட்டுரையில திட்டு வாங்குறதும் நாங்களா?

இதைவிட எனக்கு பெரிய ஆதங்கம் ஒண்ணு இருக்கு. விதிகள்ங்கிறது எதுக்கு? வீடு நிக்கணும், உள்ள இருக்குறவங்க உசுரோட இருக்கணும், பக்கத்து வீட்டுக்கு காத்தும் வெளிச்சமும் போகணும், மழைத்தண்ணி பூமிக்குள்ள இறங்கணும், அதுக்குத்தான. அஸ்திவாரம் தோண்டி கம்பி கட்டுனப்ப நான் ஒவ்வொரு பில்லரா பாத்தேன். பில்லர் கம்பிய சுத்தி கட்டுற ரிங்கோட நுனிய சும்மா எல் மாதிரி மடக்கி வெச்சிருந்தாங்க. அத உள்பக்கமா, 135 டிகிரிக்கு மடக்கணும், அப்பதான் பூமி ஆட்டம் வந்தாலும் ரிங் பிரியாதுன்னு எங்க இஞ்சினியர் தம்பி சொல்லிக் கொடுத்திருந்தாரு. மேஸ்திரிய கேட்டா, "அக்கா, நாங்க எத்தன வீடு கட்டியிருக்கோம், யாரு வந்து பாக்கப் போறா?"ங்கறாரு. அவரு சொன்னது நெசம் ஐயா. யாரும் வரல. நானே போயி ஆபீஸ்ல கேட்டேன், கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து பாத்துட்டு சொன்னா எங்களுக்கு தைரியமா இருக்கும்னு. சுயசான்றுல கள ஆய்வு கிடையாதும்மா, வீடு முடிஞ்சதுக்கு கொடுக்குற நிறைவுச் சான்றும் தேவையில்ல, அது உங்களுக்கு சலுகைன்னு சொன்னாங்க. எனக்கு அது சலுகையா படல. கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல இடைவெளிக்கு வெக்குற கவர் பிளாக் வெச்சாங்களா, எம்சாண்ட்ல தூசி எவ்வளவு, தண்ணி எத்தன வாளி ஊத்துனாங்க, இதெல்லாம் ஒரு பொம்பளை தனியா நின்னு மல்லுக்கட்டித்தான் பாக்கணும்னா, கட்டண ரசீது எதுக்கு?

சென்னை பக்கத்துல மவுலிவாக்கத்த மறந்துட்டமா? 2014 ஜூன் 28, கட்டிக்கிட்டு இருந்த பதினோரு மாடி கட்டடம் இடிஞ்சு விழுந்து 61 பேர் செத்தாங்க. அது அனுமதி வாங்குன கட்டடம்தான. ஆந்திராவுல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் கூலிக்கு வந்த சனங்க. அன்னைக்கு உங்க பத்திரிகை எழுதுனத நான் இன்னும் மறக்கல, பேப்பர மட்டும் பாத்து அனுமதி கொடுத்தா இப்படித்தான் ஆகும்னு நல்லா எழுதுனீங்க. அந்த கோபம் இப்ப எங்க போச்சு? சின்ன வீடுன்னா உசுரு சின்னதா?

கரண்டு விஷயத்தையும் சொல்லிடுறேன். எங்கள மாதிரி சின்ன வீட்டுக்கு நிறைவுச் சான்று இல்லாமலே மின் இணைப்பு கொடுக்கணும்னு இருக்கு. ஆனா கவுண்டர்ல இருந்தவரு சான்று கொண்டா கொண்டான்னே நின்னாரு, விதிய பிரிண்ட் எடுத்துட்டுப் போயி காட்டுனப்புறம்தான் விண்ணப்பத்தையே வாங்குனாரு. அதுவரைக்கும் கட்டுமானத்துக்கு வாங்குன தற்காலிக இணைப்புலயே கூடுதல் ரேட்டுக்கு கட்டிக்கிட்டு இருந்தோம். விதிய மதிக்காதவங்க யாருன்னு நீங்களே சொல்லுங்க.

என்னோட வேண்டுகோள் பெருசு இல்ல. அந்த இணைப்புல மாசத்துக்கு ஒரு தடவையாவது, கால் பக்கம் போதும், வீடு கட்ட அனுமதிக்கு என்னென்ன பேப்பர் வேணும், எத எந்த ஆபீஸ்ல வாங்கணும், மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சின்னு ஒவ்வொண்ணுக்கும் சதுர அடிக்கு எவ்வளவு கட்டணம்னு தெளிவா போடுங்க. அரசாணைய அப்படியே போட வேணாம், எங்களுக்கு புரியுற தமிழ்ல போடுங்க. கம்பி கட்டும்போது என்னென்ன பாக்கணும்னு ஒரு நல்ல இஞ்சினியர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிப் போட்டா இன்னும் புண்ணியமா போகும். அப்புறம் அந்த ஒரு வரிக்கு, முடிஞ்சா அடுத்த இதழ்ல ஒரு சின்ன திருத்தம்.

என் பேரையும் ஊரையும் போட வேணாம் ஐயா, வீட்டு வரி ரசீதுக்கு இன்னும் அதே ஆபீசுக்குத்தான் போகணும்.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க பத்திரிகைய காசு கொடுத்து வாங்குற வாசகி