வேட்பாளர் சொத்து, வழக்குச் செய்திகள்: சதவீதத்தோடு நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்தல் வந்தாலே 'இத்தனை சதவீத வேட்பாளர்கள் மீது குற்ற வழக்கு, இத்தனை பேர் கோடீஸ்வரர்கள்' என்ற செய்தி தவறாமல் வருகிறது. ஏடிஆர் எனப்படும் ஜனநாயக சீர்திருத்தச் சங்கம் போன்ற லாப நோக்கற்ற அமைப்புகள், வேட்புமனுவோடு தரப்படும் படிவம் 26 பிரமாணப் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தொகுப்பவை அவை. வேட்பாளர்கள் இவற்றை வெளியிட வேண்டும் என்ற 2002 மே 2 உச்ச நீதிமன்றத் தீர்ப்பே ஏடிஆர் தொடுத்த வழக்கில் வந்ததுதான். குறை அவர்கள் உழைப்பில் இல்லை. தொகுப்பின் முதல் பக்கத்தோடு செய்தி முடிந்துவிடுவதில் இருக்கிறது.

'கடும் குற்றம்' என்பது ஏடிஆர் வகுத்துக்கொண்ட அளவுகோல். 5 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை தரும் பிரிவுகளும், ஜாமீனில் விட முடியாத பிரிவுகளும் அதில் சேரும். மறியலின்போது அரசு ஊழியரைப் பலவந்தமாகத் தடுத்ததாகப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 353-ஆம் பிரிவில் போட்ட வழக்கும், 302-இல் போட்ட கொலை வழக்கும் ஒரே எண்ணிக்கைக்குள் வந்துவிடும். நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்ததா, எந்தத் தேதியில் என்று படிவமே கேட்கிறது. அந்த விவரத்தைத்தான் நாளிதழ்கள் விட்டுவிடுகின்றன.

சொத்துக் கணக்கில் ஏமாறுவது இன்னும் எளிது. நிலத்தின் இன்றைய மதிப்பு வேட்பாளரே போடும் உத்தேசத் தொகை. ஐந்தாண்டில் மும்மடங்கானது என்றால் நிலம் விலை ஏறியிருக்கலாம். புதிதாக வாங்கியும் இருக்கலாம். இரண்டு தேர்தல்களின் பத்திரங்களையும் அருகருகே வைத்து சர்வே எண்களை ஒப்பிட வேண்டும். புதிய எண் தென்பட்டால் அதன் கொள்முதல் தேதியையும் விலையையும் பார்த்து, ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், கடன், விற்ற சொத்து ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்தால் கேள்வி தானாக எழும். முந்தைய பத்திரத்தில் இருந்த எண் இப்போது காணவில்லை என்றால் அதுவும் செய்திதான். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இரண்டுமே தெரியாது.

பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு 'இல்லை', 'பொருந்தாது' என்று நிரப்பிவிடுகிறார்கள். எழுதியது உண்மையா என்று தேர்தல் நடத்தும் அலுவலர் விசாரிப்பதில்லை. பொய்த் தகவலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு, ஆனால் பெரும்பாலும் புகார்தாரர்தான் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும்.

வழக்குள்ள வேட்பாளர்கள் தங்கள் வழக்குகளைப் பற்றி மூன்று முறை தர வேண்டிய விளம்பரம் உங்கள் பக்கங்களிலும் வரும், பெரும்பாலும் யாரும் படிக்காத மூலையில். அதில் உள்ள வழக்கு எண்களைப் படிவம் 26-ஓடு ஒப்பிட்டு, தொகுதிவாரியாக வழக்கு எண், நீதிமன்றம், பிரிவு, வழக்கின் நிலை என நான்கு கட்ட அட்டவணையாக வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்