எடிட்டரில் ஒன்று, போனில் வேறொன்று: சந்தாவைத் திருப்பிக் கேட்டுப் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் இணையதள எடிட்டரில் செய்த தமிழ்ப் பக்கங்கள் போனில் சிதைவது குறித்து

ஐயா / அம்மா,

ஒரு விளக்குக் கடைக்காக உங்கள் எடிட்டரில் ஐந்து பக்கத் தளம் அமைத்தோம். கோடிங் தெரிய வேண்டாம், இழுத்து வைத்தால் போதும், திரையில் பார்ப்பதே தளத்தில் வரும் என்பது உங்கள் விளம்பரம். கோடிங் தெரிந்ததால்தான் கோளாறு எங்கே என்றாவது எங்களுக்குப் பிடிபட்டது.

விளக்குகள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'நாச்சியார்கோயில் ஐந்துமுகக் குத்துவிளக்கு' என்ற தலைப்பு கணினியில் ஒரே வரியில் அழகாக நிற்கிறது. 360 பிக்சல் அகலப் போனில் அதுவே மூன்று வரியாக மடிந்து, கீழேயுள்ள விலையின் மேல் ஏறிக்கொள்கிறது. பிரவுசரில் இன்ஸ்பெக்ட் செய்து பக்கத்தின் உட்குறியீட்டைப் பார்த்தால் காரணம் கண்முன்னே இருக்கிறது: இழுத்து வைத்த ஒவ்வொரு பெட்டிக்கும் உங்கள் எடிட்டர் 'பொசிஷன் அப்சொல்யூட்' (அக்கம்பக்கப் பெட்டிகளைப் பொருட்படுத்தாமல் ஒரே இடத்தில் நிறுத்தும் கட்டளை) போட்டு, உயரத்தை 56 பிக்சல் என்று பூட்டிவிடுகிறது. 32 பிக்சல் எழுத்தில் தமிழ் வரி ஒன்றுக்கே 48 பிக்சலாவது வேண்டும். மூன்று வரி எங்கே போகும்? உயரத்தைப் பூட்டாமல் 'மின்-ஹைட்' (குறைந்தபட்ச உயரம்) கொடுத்து, பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஃப்ளெக்ஸ் முறையில் அடுக்கியிருந்தால் விலை தானாகக் கீழே இறங்கியிருக்கும்.

எழுத்துரு இதை இன்னும் மோசமாக்குகிறது. உங்கள் பட்டியலில் நாங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை. எச்சரிக்கையும் வரவில்லை. ஆகவே அதற்குப் பதிலாக விண்டோஸ் 'நிர்மலா யுஐ' எழுத்துருவையும், ஆண்ட்ராய்டு 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்துருவையும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டின் அகலமும் வேறு, வரி முறியும் இடமும் வேறு. டெம்ப்ளேட்டின் வரி உயரமோ எழுத்தளவைப் போல் 1.1 மடங்குதான். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேல் வரியின் 'கு' கீழ் வரியின் 'கி'யோடு முட்டுகிறது.

முகப்பிலுள்ள 'எழுத்து எழுத்தாகத் தோன்றும்' அனிமேஷனைச் சோதித்தவர் தமிழில் ஒரு சொல்லைக்கூட அடித்துப் பார்க்கவில்லை போலும். 'வணக்கம்' என்பதில் ஐந்து எழுத்து; கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் புள்ளிகளும் தனியாக எண்ணப்படுவதால் ஏழு குறி. உங்கள் ஸ்கிரிப்ட் ஏழாக வெட்டி ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் வைப்பதால், புள்ளி தன் மெய்யைப் பிரிந்து ஒரு புள்ளிவட்டத்தின் தலையில் ஏறி நிற்கிறது. பிரவுசரிலேயே உள்ள 'இன்ட்டில் செக்மென்ட்டர்' என்ற எழுத்துப் பிரிப்பான் கொண்டு வெட்டினால் ஐந்தாகவே பிரியும்.

படங்களிலும் குறை உண்டு. போனில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படத்தின் மூலையை இழுத்து 300 பிக்சலாக்கினால், சுருங்குவது தோற்றம் மட்டும்தான். வாடிக்கையாளரின் டேட்டாவில் இறங்குவது முழுக் கோப்பு.

இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட்களோடு அனுப்பினோம். "கேஷை அழித்துவிட்டு மீண்டும் முயலவும்" என்று பதில் வந்தது. பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகலான கேஷை அழித்தால், 56 பிக்சல் மூன்று வரிக்கு வேண்டிய 144 ஆகிவிடாது. எடிட்டரின் போன் வியூவில் கையால் திருத்தச் சொன்ன இரண்டாவது பதிலின்படி அங்கே ஒரு பெட்டியை நீக்கினோம்; கணினிப் பக்கத்திலிருந்தும் அது காணாமல் போயிற்று.

உயரப் பூட்டையும் எழுத்து வெட்டையும் 15 நாளில் சரிசெய்யுங்கள். முடியாதென்றால் ஆண்டுச் சந்தாவில் மீதமுள்ள மாதங்களுக்கான தொகையைத் திருப்பித் தாருங்கள். பக்கங்களை ஹெச்டிஎம்எல் கோப்புகளாக எடுத்துச் செல்லும் வசதியையும் உங்கள் எடிட்டர் தரவில்லை என்பதால், அந்தக் கோப்புகளும் எங்களுக்கு வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்கள்

இணைப்பு: கணினி, போன் ஸ்கிரீன்ஷாட்கள், கட்டண ரசீது நகல்