வீட்டைக் கேட்டு வரவில்லை, அக்கா

அக்கா,

அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்த அன்றிரவு, ஊருக்கே திரும்பி வரப் போகிறேன் என்று நான் போனில் சொன்னதற்கு நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வந்து எங்க இருக்கப் போறாய்?" அதற்குப் பிறகு நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் மகனிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அவனும் "அம்மா குளிக்கிறா மாமா" என்கிறான், ஒரு மனுசி எத்தனை தரம்தான் குளிப்பா. நம்முடைய மண்டூர்க் கோயிலில் பூசகர் கப்புகனார் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்கிற மாதிரி இருக்கிறது நீங்கள் செய்கிறது. அவருக்காவது முன்னால் முருகன் இருக்கிறான்.

எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேனே என்று கோபிப்பீர்கள். கோபியுங்கள். போன மாதம் இங்கே ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டில், களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். மண்டூரில் ஒரு வீட்டுக் கதை தெரியுமா என்று தொடங்கி, கனடாவில் இருக்கிற தம்பி தான் கட்டிக்கொடுத்த வீட்டைத் திருப்பிக் கேட்டுப் போகிறானாம் என்று என்னிடமே சொன்னார். அந்தத் தம்பி நான்தான் என்று அவருக்குத் தெரியாது. "அவன்ட காசு, அவன் கேக்கிறதில என்ன பிழை" என்று என் பக்கம் நியாயமும் பேசினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கதை கடல் கடந்து என்னிடமே வந்துவிட்டதென்றால் ஊரில் எத்தனை வாசலுக்குப் போயிருக்கும்? ஆகவே பதிலும் அதே மாதிரி எல்லாருக்கும் கேட்கட்டும். வீடு உங்களுடையது. காணி உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, நாளைக்கு மகளுக்குப் போகும். நான் அதில் ஒரு கல்லைக்கூடக் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்து, வன்னி ஆட்கள் இதை வாசித்துவிட்டு "ஏன் கேட்கக்கூடாது" என்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. தகப்பனும் அண்ணன் தம்பிமாரும் கட்டிக் கொடுக்க, ஆம்பிளை கட்டிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போவான். குடி என்கிற குலப் பிரிவும் தாய் வழியில்தான் வரும். உங்கள் பிள்ளைகள் நம்முடைய குடி, என் மகள் இல்லை. அவளுடைய தாய் யாழ்ப்பாணத்து வடமராட்சி, அங்கே குடி என்று கேட்டாலே விளங்காது. நான் இப்போது எந்தப் பெண்சாதி வீட்டிலும் இல்லை. அதைப் பற்றி இங்கே ஒரு எழுத்தும் எழுதமாட்டேன், மகளும் வாசிக்கிறவள்.

அதனால் உங்கள் கேள்வி நியாயமான கேள்விதான் என்பது எனக்கே தெரியும். மட்டக்களப்பு ஆம்பிளை ஐம்பத்தெட்டு வயதில் தனியாக ஊருக்கு வந்தால் எந்தப் படலையைத் திறந்துகொண்டு போவான்? ஆனால் அதைக் கேட்ட குரல் இருக்கிறதே அக்கா, அது வாடகைக்காரனிடம் கேட்கிற குரல்.

இத்தனை வருசத்தில் நான் எதை மறந்தாலும் மண்டூர்த் துறையில், வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போகிற பாதைக்காக, அந்த மிதவைப் படகுக்காகக் காத்திருந்த அந்தக் காலையை மறக்கவில்லை. 1989. ஏன் போக வேண்டி வந்தது, பொடியன்களை அந்த வருசம் யார் யார் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எழுத வேண்டாம். எழுதினால் இங்கேயும் அங்கேயும் இன்னும் இருக்கிற சிலருக்குச் சுடும். நாம் இரண்டு பேரும் விடியவே வந்துவிட்டோம், பாதை அக்கரையில் நின்றது. நீங்கள் மடியில் தயிர் முட்டி ஒன்றை வைத்திருந்தீர்கள், மட்டக்களப்பில் மாமி வீட்டில் நான் இரண்டு நாள் நிற்க வேண்டியிருந்தது, வெறுங்கையோடு போகக்கூடாதென்று. அந்தத் துறையில் வைத்தே தயிர் விற்க வந்த மனுசியோடு விலைக்குச் சண்டை பிடித்தீர்கள். தம்பி நாட்டை விட்டுப் போகிறான், அக்கா தயிருக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறா. எனக்கு வெட்கமாக இருந்தது.

பாதையில் ஏறியதும் முட்டியை என் மடியில் வைத்தீர்கள். வாழையிலையால் வாயை மூடி நாரால் கட்டியிருந்தது. கரை தட்டியபோது பாதை ஒரு ஆட்டம் ஆடியது, நார் கழன்று தயிர் முழங்காலுக்குக் கீழே வழிந்தது. என்னிடம் நல்ல களிசான் அது ஒன்றுதான், அத்தானின் கலியாணத்துக்குத் தைத்த சாம்பல் நிறக் களிசான். நீங்கள் என்னைத் துறையடியில் இழுத்து நிறுத்தி, குனிந்து, வாவித் தண்ணீரை அள்ளி அள்ளித் தேய்த்தீர்கள். சீலை முந்தானையால் தேய்த்தீர்கள். தேய்த்துக்கொண்டே நிமிராமல் சொன்னீர்கள்: "போனா கிறுகி வராத. வந்தா நான் உன்னோட பறையமாட்டன்."

தயிர் போய்விட்டது, உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைக் கோடாக நின்றது. அந்தக் கோட்டோடுதான் மொன்றியலில் இறங்கினேன். விமான நிலையத்தில் கேள்வி கேட்டவர் என் முகத்தைவிட அதைத்தான் கூடுதலாகப் பார்த்தார் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு எண்ணம்.

அன்றைக்கு நீங்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்தால் செத்துப்போவாய் என்றுதான் அர்த்தம். இன்றைக்கு நீங்கள் பறையாமல், பேசாமல் இருக்கிறீர்கள், சொன்ன சொல் தவறாதவ நீங்கள், ஆனால் இதற்கு என்ன அர்த்தம்? பயமா, வெறுப்பா, அல்லது வந்து பிறகு திரும்பிப் போய்விடுவான், எதற்குப் பழகுவான் என்கிற எண்ணமா? எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வயலைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை. வெல்லாவெளிப் பக்கத்து இரண்டு ஏக்கர், உங்கள் சீதனத்துக்கென்று அப்பா வைத்திருந்தது, என்னை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட விற்றது. உங்களுக்கு அப்போது கலியாணம் முடிந்து ஒரு வருசம்தான். அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அம்மா எப்போதும் சொல்லுவா. அத்தான் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் புது வீட்டு மதிலில் பளிங்குக் கல்லில் அத்தானின் பெயர் மட்டும் பொறித்திருந்ததைப் படத்தில் பார்த்த அன்றைக்கு நான் உறைந்த கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்திருந்தேன். கையுறைக்குள் விரல் மரத்துப்போய், போனின் திரை தொடுகையைப் பிடிக்கவில்லை, படத்தைப் பெரிதாக்க முடியாமல் மூக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன். சிரிக்கலாம். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சரி, நீங்கள் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும். நீ காசு அனுப்பினாய், நான் அம்மாவின் மூத்திரம் அள்ளினேன். ஓம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசி இரண்டு வருசமும் அம்மாவைத் தூக்கித் தூக்கித்தான் உங்கள் இடுப்பு போனது, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கும் மட்டக்களப்புப் போதனாவுக்கும் மாறி மாறி ஓடினது நீங்கள்தான். நான் ஓடவில்லை. 2022இல் அமெரிக்க டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் ஏறியபோது நான் அனுப்புகிற காசு அங்கே பெருத்துப் போனதென்று இங்கே பலர் சந்தோசப்பட்டார்கள். நீங்கள் சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அம்மாவுக்குப் பால்மா கிடைக்கவில்லை என்று நீங்கள் சொன்னபோது பெட்டியில் போட்டு அனுப்பினேன், அது வந்து சேர அம்மா பால் குடிப்பதை விட்டிருந்தா. மன்னிப்புக் கேட்கிறதென்றால் இதற்கெல்லாம் கேட்கலாம், கேட்கிறேன். ஆனால் நான் ஊரில் நின்றிருந்தால் உங்களுக்கு ஒரு தம்பி மிஞ்சியிருப்பானா? இதைச் சொன்னதும் நான் எழுதிய மன்னிப்பு கெட்டுப்போகிறது. என்ன செய்ய.

எனக்கு உண்மையில் எரிச்சல் எங்கே தெரியுமா? அந்த இரண்டு ஏக்கரை இப்போது உங்கள் மகன் குத்தகைக்கு எடுத்து வேளாண்மை செய்கிறான். நம்முடைய வயலுக்கே குத்தகை கட்டுகிறான். இதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை, அவன்தான் வீடியோவில் மேல் அறையைக் காட்டும்போது உளறிவிட்டான், "இது தம்பி மாமாட அறை" என்று நீங்கள் சொல்லி வைத்த அறையில் கூரை வரைக்கும் நெல் மூடை. யானை வந்து வயல் வாடியில் வைத்த நெல்லை இழுத்துப் போடுகிறதாம், அதனால் மேலே ஏற்றினார்களாம். மூடையைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, சத்தியமாக. அந்த அறைக்கு இப்படியாவது ஒரு வேலை வந்ததே என்றுதான் நினைத்தேன். அந்த வயலைத் திருப்பி வாங்கித் தா என்று நீங்கள் ஒருநாளும் கேட்காததுதான் கோபம். டைல்ஸுக்குக் கேட்டீர்கள், மகளின் கலியாணத்துக்குக் கேட்டீர்கள், கோயில் திருவிழாவுக்கும் கேட்டீர்கள். இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கணக்கு முடிந்துவிடும் என்று பயந்தீர்களோ என்னவோ.

இப்போது நான் நினைத்தாலும் என் பெயரில் வாங்க முடியாது. கனடாப் பிரசாவுரிமை எடுத்த அன்றோடு நம்முடைய பிரசாவுரிமை போய்விட்டது, 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தின்படி வெளிநாட்டுக்காரனுக்குக் காணி எழுத ஏலாது. இரட்டைப் பிரசாவுரிமை கிடைத்தால் வாங்கலாம். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்கள் என்று அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது, அதில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பிறந்த நாட்டிடம் கிழவன் என்ற தகுதியைக் காட்டித் திரும்ப உள்ளே கேட்கிறேன்.

இங்கே எல்லாரும் சொல்கிற புத்தி, ஆறு மாசம் அங்கே ஆறு மாசம் இங்கே. ஒன்ராறியோவில் பன்னிரண்டு மாசத்தில் 153 நாளாவது நின்றால்தான் மருத்துவக் காப்புறுதி உயிரோடு இருக்கும். அதனால் நம்முடைய ஆட்கள் பனிக்காலத்துக்கு ஊர், கோடைக்கு ஸ்காபரோ என்று கலண்டரில் பென்சிலால் எண்ணிக்கொண்டு திரிகிறார்கள். நானும் எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருசம் ஓய்வூதியக் கந்தோரின் கடதாசிகளைப் படித்தேன். உழைத்துக் கட்டின பென்சனை அறுபதிலேயே குறைத்து எடுக்கலாம், அது எங்கே இருந்தாலும் வரும். அறுபத்தைந்தில் வருகிற முதியோர் பணமும், பதினெட்டு வயதுக்குப் பிறகு இருபது வருசம் இங்கே வாழ்ந்தவனுக்கு எங்கே இருந்தாலும் வரும். வருமானம் குறைந்தவர்களுக்குத் தருகிற மேலதிகப் பணம் மட்டும் ஆறு மாசத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். காசு ஒரு மாதிரிக் கட்டும். வைத்தியம்தான் பயம், எனக்கும் பிரஷர் இருக்கிறது, அப்பா போனதும் அதில்தான். அதையும் யோசித்துத்தான் முடிவெடுத்தேன். பாதி பாதியாக வரவில்லை. வேலைக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. பெரும்போகம் வெட்டுகிற நேரத்துக்கு முன்னம் வந்துவிடுவேன்.

மகள் அழவில்லை. "அப்பா, நீங்க இங்க எப்பவும் பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற ஆள் மாதிரித்தான் இருந்தீங்க" என்று இங்கிலீசில் சொன்னாள். அது எனக்கு நல்லாகவே சுட்டது. அவளுக்கு உங்களிடம் இருக்கிற அன்பு வேறு, அவள் சின்னனில் ஊருக்கு வந்தபோது நீங்கள் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய பின்னலை விமானம் ஏறும்வரை அவிழ்க்கவிடவில்லை. அவளுடைய நம்பரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு எடுக்காவிட்டாலும் அவளுக்கு எடுங்கள்.

எங்கே இருக்கப் போகிறேன் என்றுதானே கேட்டீர்கள். களுவாஞ்சிக்குடியில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பேசியிருக்கிறேன், பெரிய ரோட்டிலிருந்து துறைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில். மண்டூரில் ஒன்றும் பார்க்கவில்லை, வேண்டுமென்றுதான். நீங்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், நான் கிழக்கே எழுவான்கரையில். மண்முனைத்துறையில் 2014இல் பாலம் வந்துவிட்டது, நம்முடைய துறைக்குப் பாலம் என்ற கதையை நான் சின்னனிலிருந்து கேட்கிறேன். பாதை ஓடாத நேரத்தில் நான் உங்கள் வாசலில் வந்து நிற்கமாட்டேன் என்று ஊர் நிம்மதியாக இருக்கலாம்.

மேல் அறை மூடைகளை இறக்க வேண்டாம். கட்டுநாயக்காவுக்கு வேன் பிடித்துக்கொண்டு ஆட்கள் வரவும் வேண்டாம், அந்தக் காசுக்கு மகன் உரம் வாங்கட்டும். நான் கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் மட்டக்களப்புக்கு வருவேன், அங்கிருந்து கல்முனை பஸ். வாடகை வீட்டுக் கிணறு தூர்ந்து கிடக்கிறது, வீட்டுக்காரர் இறைத்துத் தருவதாகச் சொல்லி ஒரு மாசம் ஆகிறது, தண்ணீர் சவரா நல்லதா என்று யாராவது ஒருதரம் குடித்துப் பார்த்துச் சொன்னால் உதவி. மகனை அனுப்புங்கள் போதும். அவனுக்குத் தண்ணீர் பார்க்கத் தெரியாது, அதுவும் எனக்குத் தெரியும்.

தம்பி