விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அருவ ஓவியம் (ஆள், மரம் என்று உருவம் காட்டாமல் வண்ணத்தாலேயே வரைவது) பற்றி வந்த கட்டுரையில் குறையில்லை. கூடவே போட்டிருந்த படம்தான் மனதுக்கு ஒப்பவில்லை. வண்ணத்தைக் கனமாக அப்பிய ஓவியத்தை நேர் எதிரே நின்று ஃப்ளாஷ் அடித்து எடுத்திருக்கிறார்கள். தாளில் பார்த்தால் சுவருக்கு டிஸ்டெம்பர் அடித்த மாதிரி இருக்கிறது.

நான் பாம்பனில் படகுக்குப் பெயின்ட் அடிப்பவன். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து முடித்த பலகை உச்சி வெயிலில் கண்ணாடி போலத்தான் தெரியும். இருட்டின பிறகு குண்டு பல்பைப் பலகையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் மேடு, பள்ளம், பட்டித்தகடு தயங்கி நின்ற இடம் எல்லாம் எழுந்து வந்துவிடும். எங்களுக்கு அது குற்றம், திரும்பத் தேய்க்க வேண்டும். அந்த ஓவியருக்கோ அதுதான் வேலையே.

சில வருடம் முன்பு சென்னைக்குப் போனபோது சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பார்த்தேன் (1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கியது. எங்களைப் போன்றவர்கள் கூச்சப்படாமல் உள்ளே போகலாம்). ஒரு படம் முதலில் வெறும் சாம்பலாகத் தெரிந்தது. பழக்கதோஷத்தில் ஓரமாய்ப் போய், கன்னத்தைச் சுவரில் வைக்காத குறையாகப் பார்த்தேன். ஒவ்வொரு இழுப்பின் கரையிலும் பெயின்ட் வரப்பு மாதிரி நின்றது. ஜன்னல் வெளிச்சம் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறியிருந்தது. ஓரடி நகர்ந்தேன், வேறு வரப்பு மின்னியது. வெளியே மேகம் மூடியதும் மறுபடி சாம்பல். அரை மணி நேரம் அங்கேயே முன்னும் பின்னும் நடந்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எல்லாப் படத்துக்கும் இந்தப் பாடு இல்லை. எங்கள் ராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களை அச்சிட்டால் கதை எங்கும் போய்விடாது. ஓவியர் ஆதிமூலம் காந்தியை வரைந்த கோட்டோவியங்கள் மட்டமான தாளிலும் உயிரோடு இருக்கும். அதே ஆதிமூலம் பின்னாளில் வரைந்த அருவ ஓவியங்களைத் தபால்தலை அளவில் போட்டால் வெறும் கலர்தான் மிஞ்சும்.

உங்கள் இதழில் வந்த படத்தைப் பார்த்து, “இதுல என்னப்பா இருக்கு?” என்றான் என் மகன். சொன்னேன். உடனே செல்போன் டார்ச்சை உங்கள் பக்கத்தின் மேல் சாய்த்துப் பிடித்தான். வழுவழுத் தாள்தான் பளபளத்தது!

அடுத்த முறை படத்தின் நீள அகலத்தைக் கீழே போடுங்கள். ஒரு ஓரத்தை மட்டுமாவது, பக்கத்து வெளிச்சத்தில் கிட்டப்போய் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
படகு பெயின்டர் ஒருவர், பாம்பன்