வகைப் பெயர்களை விட வாக்கியம் முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டை, காசிமேடு பகுதிகளில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஆங்கிலப் பிரதிப்பெயர்களின் வகைகளையும் பெயரடைகளின் வகைகளையும் தங்குதடையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால் 'திஸ்' என்ற ஒரே சொல் இரண்டு பட்டியல்களிலும் ஏன் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். வாக்கியத்தில் ஒரு சொல் செய்யும் வேலையே அதன் வகையைத் தீர்மானிக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

'திஸ் இஸ் எ போட்' என்பதில் அச்சொல் தனித்து நின்று பெயருக்குப் பதிலாக வருவதால் சுட்டுப் பிரதிப்பெயர். 'திஸ் போட் இஸ் ஓல்ட்' என்பதில் படகு என்னும் பெயரைச் சார்ந்து நிற்பதால் சுட்டுப் பெயரடை. (இக்கால இலக்கண நூல்கள் பலவும் பின்னதை 'டிட்டர்மினர்' எனத் தனி வகையாகவே கொள்கின்றன.) தமிழிலோ 'இது', 'இந்த' என இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன, 'இந்தப் படகு பழையது' என்பதை 'இது படகு பழையது' என்று காசிமேட்டுப் பிள்ளை எதுவும் தவறிக்கூடச் சொல்லாது. 'விச்' என்பதற்கு 'எது', 'எந்த' என்பனவும், 'மைன்', 'மை' என்பவற்றுக்கு 'என்னுடையது', 'என்' என்பனவும் அப்படியே பொருந்துகின்றன.

வீட்டிலிருந்தே பிள்ளைகள் கொண்டுவரும் இந்த அறிவைப் புறந்தள்ளிவிட்டு வெறும் பட்டியலைத் திணிப்பது வருத்தமளிக்கிறது. ஆங்கில ஆசிரியர்கள் இவ்விணைகளைக் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டிய பிறகே வகைப் பெயர்களுக்குச் செல்லுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை