ஊசி தொடங்குமுன்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. செந்தூல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகளோடு போய் இருக்கிறாய் என்பது நல்ல செய்தி. பேரப்பிள்ளைகள் கத்தினால் கத்தட்டும். புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு ஹார்மோன் ஊசியும் என்று டாக்டர் சொன்னதுதான் உன்னைக் கலக்கியிருக்கிறது போல.

நானும் அதே ஊசியில்தான் இருக்கிறேன். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, புராஸ்டேட் நோயைக் காட்டும் இரத்த அளவான பி.எஸ்.ஏ. இறங்கியது இதுவரை ஏறவில்லை. முதல் ஊசியை ஒட்டிச் சில நாளைக்கு ஒரு மாத்திரை கொடுப்பார்கள். அந்த ஊசி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொஞ்ச நாள் ஏற்றிவிட்டுத்தான் இறக்கும், அந்த ஏற்றம் கட்டியைத் தூண்டாமலிருக்கத்தான் மாத்திரை. மறக்காமல் சாப்பிடு.

அப்புறம் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கும், அந்த மேல்சூடு உனக்குப் பெரிய தொல்லையாக இருக்கும். பினாங்குப் புழுக்கத்தில் நடுராத்திரி சட்டை நனைந்து எழுந்து உட்கார்ந்தால், உன் தங்கச்சி, “இப்போ தெரியுதா, மாதவிடாய் நிக்கிற வயசுல நாங்க பட்டது?” என்று சிரிக்கிறாள். ஆனால் அது வெளியே தெரியும் தொல்லை. நான் பயப்படுவது சத்தமில்லாமல் நடப்பதற்கு.

டெஸ்டோஸ்டிரோன் போனதும் தசை கரையும், கொழுப்பு கூடும். சாப்பிட்ட சோற்றின் சீனியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அது குறைந்து கொழுப்பும் ஏறினால் இன்சுலின் சரியாக எடுபடாது. இரத்தத்தில் சீனி ஏறும், கொலஸ்ட்ராலும் கூடவே ஏறும். முதல் வருடத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010-இலேயே இந்த ஊசிகளின் அட்டையில் இனிப்புநீர், மாரடைப்பு பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொல்லிவிட்டது. இருந்தும் நான் போகும் இடத்தில் பி.எஸ்.ஏ.யைப் பார்த்து, “நல்லா இருக்கு அங்கிள்” என்று சொல்லி அடுத்த ஊசிக்குத் தேதி கொடுத்துவிடுகிறார்கள். புற்றுநோய் டாக்டர் புற்றுநோயைப் பார்க்கிறார், சீனியை யார் பார்ப்பது? நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்பா, அண்ணன் எல்லாருக்கும் இனிப்புநீர். அதனால் முதல் ஊசிக்கு முன்பே வெறும் வயிற்றுச் சீனி, எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனி), கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம் எல்லாம் எடுத்து ஒரு நோட்டில் எழுதி வை. இடுப்புச் சுற்றளவையும் டேப் வைத்து அள. ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தொட்டாலே கவனம் வேண்டும் என்கிறார்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனும் கேள். இந்த ஊசி எலும்பையும் அரிக்கும். அன்று எடுத்த எண் இல்லாவிட்டால் பின்னால் ஏறியதா இறங்கியதா என்றே தெரியாது.

நம்ம ஆட்களிடம் உடற்பயிற்சி என்றால் வாக்கிங்தான். நானும் தினம் காலையில் தண்ணீர்மலைப் பக்கம் பொட்டானிக் கார்டனில் நடக்கிறேன். இருதயத்துக்கு நல்லதுதான், ஆனால் கரைகிற தசையைப் பிடித்து வைக்க நடை மட்டும் போதாது. பாரம் தூக்க வேண்டும். கையை உபயோகிக்காமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருகிறேன், தொடை நடுங்கும்வரை. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைத் தூக்கி இறக்குகிறேன். ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டி இழுக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள், விடாமல். சோர்வாக இருக்கிறதே, ஓய்வெடுக்கலாமே என்று தோன்றும். ஓய்வெடுத்தால் சோர்வு கூடும், அதுதான் வேடிக்கை. எலும்பில் நோய் பரவியிருந்தால் மட்டும் எதைத் தூக்கலாம் என்று முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். உனக்கு அப்படி இல்லை என்று எழுதியிருக்கிறாய், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

சாப்பாட்டில் பெரிய வைராக்கியம் எதுவும் இல்லை. சோற்றோடு கறிகள் சேர்ந்த நாசி கண்டார் இப்போதும் உண்டு. பாதிச் சோறு, மீன் ஒன்று, வெண்டைக்காய் கூடுதலாக. குழம்பை வெள்ளமாக ஊற்றும் குவா பஞ்சிர் கிடையாது. இனிப்புப் பால் டீயான தே தாரிக்கை விட்டு, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங்குக்கு மாறிவிட்டேன். கடைத் தம்பி முதலில், “என்ன அண்ணே, கோபமா?” என்று கேட்டான்.

ரிப்போர்ட் வந்ததும் படம் பிடித்து அனுப்பு. தைப்பூசத்துக்குப் பிள்ளைகளோடு வந்துவிடு, மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. தங்கச்சி ஜாதிக்காய் ஊறல் போட்டு வைத்திருக்கிறாள். சீனியில் ஊறியது, உனக்கு இல்லை.

அன்புடன்,
உன் பினாங்கு மச்சான்