அட்லாண்டா மாப்ளைக்கு ஒரு கடிதம்: அந்த 24 செகண்ட் பத்தி

டேய் மாப்ள,

க்ரூப்ல நான் பீச் பவுல் பத்தி ஏதோ புலம்பினதுக்கு நீ போட்ட ரிப்ளை பாத்தேன். "அதான் அதே ஸ்டேடியத்துக்கு வந்து கப்ப தூக்கிட்டு போயிட்டீங்கல்ல, இன்னும் ஏன்டா 2022-லயே நிக்கிற"ன்னு. கூடவே உங்க ஜார்ஜியா டீமோட புல்டாக் ஸ்டிக்கர் வேற. அங்கயே பதில் சொன்னா நாலு பேரு சிரிச்சுட்டு அடுத்த பேச்சுக்கு போயிடுவாங்க, அதனால இங்க எழுதறேன், ஊரே படிக்கட்டும், எனக்கென்ன.

ஃபுட்பால் பக்கமே போகாதவங்க யாராவது இத படிச்சா அவங்களுக்கு மட்டும் சின்னதா சொல்லிடறேன், நீ இத தாண்டிப் போ. இது ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டி மோதுற அமெரிக்கன் ஃபுட்பால், அதுலயும் காலேஜ் பசங்க ஆடுறது. சீசன் முடிஞ்சதும் வருஷக் கடைசில நல்லா ஆடின டீமுங்களுக்கு வேற வேற ஊர்ல பவுல்னு ஒரு மேட்ச் வைப்பாங்க, அப்பல்லாம் நாலே நாலு டீம்தான் பிளேஆஃப், ரெண்டு பவுல் செமி ஃபைனல். 2022 டிசம்பர் 31 ராத்திரி அட்லாண்டால நடந்த பீச் பவுல் அந்த ரெண்டுல ஒண்ணு. நாங்க ஓஹாயோ ஸ்டேட், இவனுங்க ஜார்ஜியா. 42-41ன்னு இவனுங்க ஜெயிச்சாங்க. அவ்ளோதான் கதை, ஆனா அவ்ளோதான் இல்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

மாப்ள, நாங்க அந்த செமி ஃபைனலுக்கு வந்ததே ஓசில வந்த மாதிரிதான், அத நீ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நவம்பர் கடைசில எங்க பரம எதிரி மிச்சிகன் எங்க வீட்டுக்கே வந்து 45-23ன்னு அடிச்சுட்டு போனான். அந்த ஒரு மேட்ச் தோத்தா எங்க ஊரு கொலம்பஸ்ல என்ன ஆகும்னு உனக்கு தெரியும், வருஷம் பூரா மத்த எல்லாரையும் ஜெயிச்சிருந்தாலும் கணக்குலயே சேராது. சீசன் முடிஞ்சுதுன்னு எல்லாரும் மூஞ்ச தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தப்போ யூட்டா டீம் போயி எங்களுக்கு முன்னாடி இருந்த யூஎஸ்சி-ய (சதர்ன் கலிஃபோர்னியா) 47-24ன்னு தூக்கி அடிச்சான், அந்த புண்ணியத்துல நாங்க நாலாவது டீமா உள்ள நுழைஞ்சோம். எதிர்ல யாரு, ஒரு மேட்ச் கூட தோக்காத நடப்பு சாம்பியன், அதுவும் அவன் சொந்த மாநிலத்துல. ஜெயிப்போம்னு எவனும் நெனைக்கல. அந்த நெனப்பு அப்படியே இருந்திருந்தா நான் இப்போ இத எழுதிட்டு இருக்க மாட்டேன்.

ஏன்னா அன்னிக்கு சாயங்காலமே இன்னொரு செமி ஃபைனல்ல மிச்சிகன், டிசியு (டெக்ஸஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி) கிட்ட 51-45ன்னு தோத்துட்டான். ஆனந்தம்னா அப்படி ஒரு ஆனந்தம், சொந்த டீம் மேட்ச் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள பாதி வயிறு ரொம்பிடுச்சு. அப்புறம் எங்க பசங்க ஆட ஆரம்பிச்சாங்க பாரு. சி.ஜே. ஸ்ட்ரௌட், பந்த எறியற எங்க க்வார்ட்டர்பேக்! ரெண்டு வருஷமா அந்தப் பையன ஊரே என்னென்ன பேசுச்சு, ஓட மாட்டான், அழுத்தம் வந்தா பந்த வீசிட்டு ஒதுங்கிடுவான், மிச்சிகன ஜெயிக்கத் தெரியாதுன்னு. அன்னிக்கு அவன் ஜார்ஜியா டிஃபென்ஸ் நாலா பக்கமும் பாய்ஞ்சு வரும்போது வளைஞ்சு நெளிஞ்சு வெளிய வந்து ஓடிக்கிட்டே எறிஞ்சான், 348 யார்டு, நாலு டச்டவுன் (எதிராளியோட கடைசிக் கோட்ட தாண்டி பந்த கொண்டு போறது), எதிராளி கைல பந்து போற இன்டர்செப்ஷன் ஒண்ணு கூட கிடையாது. அவ்ளோ பெரிய டிஃபென்ஸ், அத்தன பேரும் அடுத்து என்எஃப்எல் போகப் போறவனுங்க, அவனுங்க மேல 41 பாயின்ட். மூணாவது க்வார்ட்டர் முடியறப்போ 38-24. நாங்க மேல. நீயே அன்னிக்கு போன எடுக்கல, ஞாபகம் இருக்கா?

எங்க ரிசீவர், அதாவது எறியற பந்த பிடிக்கிறவன், மார்வின் ஹாரிசன் அடிபட்டதுலதான் எல்லாம் மாறுச்சுன்னு எங்க ஆளுங்க பாதி பேரு இன்னும் சொல்றாங்க. கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எண்ட் ஸோன்ல பந்துக்குத் தாவினவன ஜார்ஜியாவோட ஜேவான் புல்லர்ட் வந்து இடிச்சான், கொடி விழுந்துச்சு, டார்கெட்டிங்னு, அதாவது தலைய குறி வெச்சு இடிச்ச தப்புன்னு சொன்னாங்க, அப்புறம் ரீப்ளே பாத்துட்டு இல்லன்னுட்டாங்க. ஹாரிசன் தலையில அடிபட்டு திரும்பி உள்ளயே வரல, டச்டவுன் பக்கத்துல இருந்தவங்க கம்பத்துக்கு நடுவுல உதைக்கிற ஃபீல்ட் கோலோட மூணு பாயின்ட் வாங்கிட்டு நின்னோம். நூறு யார்டுக்கு மேல பிடிச்சு ரெண்டு டச்டவுன் போட்டவன் கடைசி க்வார்ட்டர்ல இல்லன்னா வித்தியாசம் இருக்காதான்னா, இருக்கும். ஆனா நான் அந்த அம்பயர் புராணத்த பாட மாட்டேன். 14 பாயின்ட் மேல இருக்கிற டீம் ஒரு ரிசீவர் போனதுக்கு தோத்தேன்னு சொல்லக்கூடாது, கேக்கவே நல்லாருக்காது.

உங்க கோச் கர்பி ஸ்மார்ட்ட வேணா பாராட்டறேன், கசப்பாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்றேன். 38-27ன்னு இருக்கப்போ எங்களுக்கு நாலாவது டவுன் (பத்து யார்டு போக குடுக்கிற நாலு வாய்ப்புல கடைசி), ஒரு யார்டு பாக்கி, பந்த உதைச்சு அனுப்பற மாதிரி நின்னு ஏமாத்தி ஓடி அந்த ஒரு யார்ட எடுத்துட்டாங்க நம்ம பசங்க, ஃபேக் பன்ட், அருமையா ஒர்க் ஆச்சு. ஆனா பந்து நகர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி அந்த மனுஷன் சைடுலருந்து டைம்அவுட் கேட்டுட்டாரு. எங்க ஆளுங்க நின்ன விதத்துல ஏதோ கோக்குமாக்கு இருக்குன்னு மோப்பம் பிடிச்சிருக்காரு. அந்த ஆட்டமே செல்லாது. திரும்ப வந்து நெஜமாவே பன்ட் பண்ணோம். அடுத்து என்ன, ஏரியன் ஸ்மித் 76 யார்டு. அவன காவல் காக்க வேண்டிய லேதன் ரான்சம் கால் வழுக்கி விழுந்துட்டான், ஸ்மித் தனியா ஓடிட்டு இருக்கான், பின்னாடி ஆளே இல்ல. டச்டவுனுக்கு அப்புறம் கெடைக்கிற ரெண்டு பாயின்ட் கன்வர்ஷனும் எடுத்து 38-35. அந்த ஒரு டைம்அவுட்தான் உங்க கப்புல பாதின்னு நான் எப்பவும் சொல்லுவேன், உங்க ஊர்ல உங்க க்வார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட்டுக்கு குடுக்கிற மரியாதைல கொஞ்சம் அதுக்கும் குடுங்க.

சரி, இதெல்லாம் ஆட்டத்துல நடக்கறதுதான். இது வரைக்கும் எனக்கு கோவம் கெடையாது. பென்னட் கடைசியா ஏடி மிட்செல்லுக்கு எறிஞ்சு நீங்க 42-41ன்னு போனப்போ கூட கெடையாது, அப்பவும் 54 செகண்ட் பாக்கி இருந்துச்சு, எங்க கிட்ட ஸ்ட்ரௌட் இருந்தான்.

இப்போ வர்றேன் விஷயத்துக்கு.

ஓட மாட்டான்னு சொன்ன அதே பையன் பந்த எடுத்துக்கிட்டு 27 யார்டு ஓடினான் மாப்ள. ஜார்ஜியாவோட 31 யார்டு கோட்டுல வந்து நிக்கிறோம். 24 செகண்ட். ராத்திரி முழுக்க அவன யாராலயும் நிறுத்த முடியல, உங்க செகண்டரி (பின்னாடி நிக்கிற டிஃபென்ஸ்) மூச்சு வாங்குது, இன்னும் பத்து யார்டு கெடைச்சா கிக்கருக்கு சாதாரண உதை. அங்க எங்க கோச் ரயன் டே என்ன பண்ணாரு? பந்த ரன்னிங் பேக் கைல குடுத்து நடுவுல ஓட விட்டாரு. டாலன் ஹேடன், பாவம் முதல் வருஷப் பையன், ஹெண்டர்சன் காயத்துல வெளிய இருந்ததால வந்தவன். ஒரு யார்டு பின்னாடி போச்சு. கடிகாரம் ஓடுது. அப்புறம் அவசர அவசரமா ரெண்டு பாஸ், ரெண்டும் தரையில. மூணு செகண்ட் இருக்கப்போ எங்க கிக்கர் நோவா ரகல்ஸ் வந்து 50 யார்டுல உதைச்சான், உதைச்ச உடனேயே தெரிஞ்சுடுச்சு, இடது பக்கம் எங்கயோ போச்சு. அதே நேரம் டிவில எல்லா சேனல்லயும் புது வருஷம் பொறக்குது. எனக்கு வந்த முதல் ஹேப்பி நியூ இயர் உன்னோடதுதான்டா, அத நான் மறக்க மாட்டேன்.

ரகல்ஸ திட்டினவங்கள பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும். அதுக்கு முந்தின ரோஸ் பவுல்ல யூட்டாவ 48-45ன்னு ஜெயிச்சு குடுத்த கடைசி உதை அவனோடது, இந்த மேட்ச்லயே கொஞ்ச நிமிஷம் முன்னாடிதான் 48 யார்டுலருந்து அடிச்சு 41 ஆக்கினான். 50 யார்டு காலேஜ் கிக்கருக்கு நாணயம் சுண்டிப் போடற மாதிரி. அந்தத் தூரத்துல அவன கொண்டு போய் நிக்க வெச்சது யாருங்கறதுதான் கேள்வி.

டே பக்கம் நியாயமும் கேட்டுட்டேன், எங்க ஆளுங்களே சொல்லியிருக்காங்க. பாஸ் போடப் போயி, எறியறதுக்கு முன்னாடியே ஸ்ட்ரௌட்ட மடக்கிப் போட்டு சாக் பண்ணியிருந்தா ஃபீல்ட் கோல் தூரமே போயிருக்கும், இன்டர்செப்ஷன் ஆகியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும், ரன்ல நாலஞ்சு யார்டு கெடைச்சிருந்தா யாரும் பேச மாட்டாங்கன்னு. எல்லாம் சரிதான். ஆனா 11 பாயின்ட் ஜாஸ்தி இருக்கப்போ ஃபேக் பன்ட் போக நெனச்ச ஆளு, ஒரு பாயின்ட் கம்மியா இருக்கப்போ பத்திரமா ஆடினா அத என்னன்னு சொல்றது? நெஞ்சுல தைரியம் இல்லாத ஆளுன்னா விட்டுடலாம், எங்களுக்கு இவ்ளோதான் குடுத்து வெச்சதுன்னு போயிடலாம். இந்த ஆளு அப்படி இல்ல. ராத்திரி பதினொன்ற வரைக்கும் இருந்த தைரியம் அந்த ஒரு ப்ளேக்கு மட்டும் எங்கயோ போயிடுச்சு.

ஒன்பது நாள் கழிச்சு ஃபைனல்ல நீங்க டிசியு-வ 65-7ன்னு கிழிச்சீங்க. அத நான் டிவில முழுசா பாத்தேன், ஏன் பாத்தேன்னு கேக்காத. அது வரைக்கும் பவுல் வரலாத்துலயே அவ்ளோ வித்தியாசத்துல யாரும் ஜெயிச்சதில்லன்னாங்க. அந்த சீசன்ல உங்கள கடைசி செகண்ட் வரைக்கும் வியர்க்க வெச்சது யாருன்னு பாத்தா நாங்கதான். அப்போ நெஜ ஃபைனல் எதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போ உன் கேள்வி. 2025 ஜனவரி 20, அதே மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியம், நோட்ர டாமோட ஃபைனல். அதுக்கு முன்னாடி மிச்சிகன் கிட்ட 13-10ன்னு கேவலமா தோத்து, டேய தொரத்துங்கன்னு ஊரே கத்தி, அப்புறம் டென்னசி, ஆரிகன், டெக்ஸஸ்னு வரிசையா சாத்திட்டு வந்தாங்க. அன்னிக்கு 31-7ன்னு இருந்தது 31-23 ஆயிடுச்சு. ரெண்டரை நிமிஷம் சொச்சம் பாக்கி, மூணாவது டவுன், 11 யார்டு வேணும். எனக்கு கையெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு, ரன்தான் போடப் போறாருன்னு சத்தியம் பண்ணி சொன்னேன் பக்கத்துல இருந்தவங்க கிட்ட. போடல. அந்த வருஷ க்வார்ட்டர்பேக் வில் ஹவர்ட் தூக்கி எறிஞ்சான், ஜெரமையா ஸ்மித் 56 யார்டு. மேட்ச் அங்கயே முடிஞ்சுது. 34-23.

எல்லாரும் குதிச்சாங்க, நானும் குதிச்சேன், பொய் சொல்லல. ஆனா ராத்திரி படுத்தப்புறம் மண்டைக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் ஓடுது: அப்போ முடியும்ல? அதே ஸ்டேடியம், அதே கோச், அதே மாதிரி நெருக்கடி, தைரியமா எறிஞ்சா கெடைக்குதுல்ல? அப்போ ஏன் அன்னிக்கு போடல? இந்த தடவ ப்ளே சொன்னது சிப் கெல்லி, டே நியூ ஹாம்ப்ஷயர்ல க்வார்ட்டர்பேக்கா ஆடினப்போ அவருக்கே கோச்சா இருந்த மனுஷன், 2022-ல ப்ளே சொன்னது டே. அது ஒரு காரணமா இருக்கலாம். அந்த பீச் பவுல்தான் டேவுக்கு பாடம் கத்துக் குடுத்துச்சுன்னும் சிலர் சொல்றாங்க. எனக்கு அந்த பேச்சே பிடிக்கல மாப்ள. பாடம் கத்துக்கிட்டது அவரு, ஃபீஸ் கட்டினது ஸ்ட்ரௌட்.

உனக்கு புரியாதது இதுதான்னு நெனைக்கிறேன். காலேஜ் ஃபுட்பால்ல டீம் அதேதான், பசங்க அதே இல்ல. 2022 டீம்லயே இருந்த எக்புக்கா, ஹெண்டர்சன், ஜாக் சாயர் மாதிரி சிலருக்கு ரெண்டாவது வாய்ப்பு கெடைச்சுது. அன்னிக்கு வழுக்கி விழுந்த ரான்சம் கூட இருந்து அதே ஸ்டேடியத்துல கப்ப பிடிச்சான், அத பாத்து எனக்கு மனசு ரொம்பிடுச்சு, உண்மையா. ஆனா ஸ்ட்ரௌட்டும் ஹாரிசனும் ரகல்ஸும் அந்த போட்டோல இல்ல. ஸ்ட்ரௌட் போயி ஹூஸ்டன்ல முதல் வருஷமே பட்டய கெளப்பினான், பணம் பேரு எல்லாம் வந்துடுச்சு, ஆனா கொலம்பஸ்ல அவன் பேரு சொன்னா இன்னும் சில பேரு "மிச்சிகன ஜெயிக்காதவன்"ங்கறான். அந்த 31 யார்டுலருந்து ஒரு பாஸ் விழுந்திருந்தா அப்படி எவன் சொல்லியிருப்பான்? வேற பசங்க ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கின கப்ப காட்டி இந்தக் கணக்க முடிக்க சொல்ற, அது எப்படிடா முடியும்?

அதனால "அதான் கப் வாங்கிட்டீங்களே"ங்கறத இனிமே என் கிட்ட சொல்லாத. வேற எத வேணா சொல்லு, தோத்துட்டு பேசறேன்னு சொல்லு, மிச்சிகன் பேர சொல்லி வெறுப்பேத்து, தாங்கிப்பேன்.

பதிலுக்கு ஒண்ணு மட்டும் எனக்கு நேர்மையா எழுது, ஸ்டிக்கர் வேணாம், கர்பி ஸ்மார்ட்ட உனக்கு இத்தன வருஷமா தெரியும். எதிர் டீமோட 31, 24 செகண்ட், ஒரு பாயின்ட் பின்னாடி, ராத்திரி முழுக்க பிச்சு உதறின க்வார்ட்டர்பேக் கைல பந்து. அவரு முதல் டவுன்ல ஓட விட்டிருப்பாரா, எறிய சொல்லியிருப்பாரா? யோசிச்சே சொல்லு, ஒண்ணும் அவசரமில்ல.

இப்படிக்கு,
கொலம்பஸ்ல இருந்து உன் புலம்பல் மன்னன்